பொங்கலுக்குள் நடந்துவிடலாம்

நான் வேலை பார்க்கும் மறுவாழ்வு இல்லத்தில் ஒவ்வோர் அறையிலும் ஒரு வெள்ளைப் பலகை மாட்டியிருக்கும். அதில் கிழமை, தேதி, அன்றைய நர்ஸின் பெயர், கடைசி வரியில் அந்த நோயாளியின் 'கோல்', அதாவது அவர் எட்ட விரும்பும் இலக்கு. "யாரும் பிடிக்காமல் கழிப்பறைக்குப் போவது." "நாயைக் கூட்டிக்கொண்டு தெருமுனை வரை நடப்பது." காலை ஏழு மணிக்கு அறை அறையாகப் போய் நேற்றைய தேதியை அழித்து இன்றைய தேதியை எழுதுவது என் வேலைகளில் ஒன்று. ஓஹியோ மாநிலத்தின் இந்தச் சிறு நகரத்துக்கு வந்த புதிதில் எனக்கு இது விசித்திரமாக இருந்தது. நம் ஊரில் படுத்திருப்பவருக்கு என்ன தேதி என்று தெரியவேண்டிய கட்டாயமே இல்லை. கட்டிலைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் சொந்தக்காரர்களுக்குத் தெரிந்தால் போதும். என்ன வியாதி, எத்தனை நாள் ஆகும் என்பதும் அப்படித்தான். தெருவுக்கே தெரிந்திருக்கும், அவருக்கு மட்டும் தெரியாது.

தேதி விஷயத்தில் நான் கறாரானவன். கல்லூரியில் சேர்ந்த நாளிலிருந்து நாட்குறிப்பு எழுதுகிறேன், ஆங்கிலத் தேதியும் பக்கத்திலேயே தமிழ்த் தேதியும். மேட்டூரில் அணை திறந்த நாள், கல்லணைக்குத் தண்ணீர் வந்த நாள், எங்கள் ஊர் வாய்க்காலுக்கு அது வந்து சேர்ந்த நாள் மூன்றையும் ஆண்டுதோறும் குறித்து வைத்திருக்கிறேன். முதல் இரண்டு தேதிகளும் செய்தித்தாளில் வரும். மூன்றாவதை என்னைத் தவிர யாரும் எழுதி வைக்கவில்லை என்பதில் எனக்கு ஒரு சின்னக் கர்வம் உண்டு. இதை இங்கே சொல்லக் காரணம், இப்படித் தேதி பார்க்கிற ஒருவன்தான் பதினாறு ஆண்டுகள் நோயாளிகளிடம் பொய்த் தேதி சொல்லிக்கொண்டிருந்தான்.

தஞ்சாவூரில் நான் பிசியோதெரபிஸ்ட். சொந்தமாக ஒரு சிறிய சென்டர் வைத்திருந்தேன். இங்கே நான் 'ரீஹாப் எய்டு', வெறும் உதவியாள். சக்கர நாற்காலி தள்ளலாம், கருவிகளைத் துடைக்கலாம், பலகையில் தேதி எழுதலாம். லைசென்ஸ் தேர்வில் தேறினால்தான் ஒருவருடைய முழங்காலை என் சொந்தத் தீர்மானத்தில் மடக்க முடியும். என் மனைவி ஜெசிந்தா நர்ஸ். அவளுடைய வேலைதான் எங்களையும் எங்கள் மகளையும் இங்கே கொண்டுவந்தது. நான் தேர்வை இரண்டு முறை எழுதி இரண்டு முறையும் தோற்றிருந்தேன். மூன்றாவது முறை அக்டோபரில், புரட்டாசி முடியப்போகும் நேரம். அதிலும் தேறாவிட்டால் நான் ஊர் திரும்பி சென்டரைத் திறப்பது, அவளும் மகளும் இங்கேயே இருப்பது என்று பேசி முடித்திருந்தோம். அதைப் பேசும்போது இருவரும் குரலை உயர்த்தவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

வேலை முடிந்து வந்து, சாப்பாட்டு மேசையில் மகள் ஒரு பக்கம் வீட்டுப்பாடம் எழுத, நான் மறுபக்கம் படிப்பேன். தவறிய கேள்விகளுக்கென்று ஒரு நோட்டு வைத்திருந்தேன். தேதி, பாடம், நான் போட்ட விடை, சரியான விடை என்று நான்கு பத்தி. தசை, நரம்பு, இதயம், நுரையீரல் எதிலும் பெரிய குறை இல்லை. இந்த ஊர்ப் பிள்ளைகள் தடுமாறும் இடங்களில்கூட நான் தடுமாறவில்லை. தவறுகள் எல்லாம் ஒரே இடத்தில் மொய்த்துக் கிடந்தன. தேர்வில் வரும் கேள்விகளை வெளியே சொல்லமாட்டேன் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன், எனவே பயிற்சிப் புத்தகத்தில் இருந்த ஒன்றைப்போல ஒன்றைச் சொல்கிறேன். தண்டுவடம் முழுமையாக அடிபட்ட ஒருவர், "நான் மறுபடி நடப்பேனா?" என்று கேட்கிறார். தெரபிஸ்ட் என்ன செய்யவேண்டும்? நான்கு விடைகளில் ஒன்று, நம்பிக்கையோடு பயிற்சியைத் தொடரும்படி ஊக்கப்படுத்துவது. ஆனி மாதத்தில் ஒருமுறை அதைத் தேர்ந்தெடுத்தேன். ஆடியில் மறுபடியும் அதையே தேர்ந்தெடுத்தேன். சரியான விடை, உள்ள நிலையை அவரிடம் நேராகச் சொல்வது.

நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்த ஜெசிந்தா சிரித்துவிட்டாள்.

"ஏங்க, ஒரே கேள்விக்கு ஒரே தப்ப ரெண்டு தடவ எப்படிங்க பண்றீங்க? தப்புல கூட ஒரு புதுசு வேணாமா?"

"மத்ததெல்லாம் சரியாத்தானே இருக்கு. எலும்பு, நரம்பு…"

"எலும்பு நரம்பெல்லாம் சரிதான். ஆளுகிட்ட பேசுறதுதான் தப்பு. வாயத் தொறந்தா தஞ்சாவூரு வந்துருது."

அவள் பகடியாகத்தான் சொன்னாள். எனக்கு அந்த இடத்தில் செல்வராசு நினைவுக்கு வந்துவிட்டார்.

செல்வராசு பட்டுக்கோட்டைக்குத் தெற்கே ஒரு கிராமத்தில் தென்னை ஏறுகிறவர். கஜா புயல் அந்தப் பக்கத்துத் தோப்புகளைச் சாய்த்துப் போட்டதில், சாயாமல் திருகி நின்ற மரங்களில் ஏற மற்றவர்கள் தயங்கியபோது இவர்தான் ஏறினார். அப்படி ஒரு மரத்திலிருந்து, புயல் அடித்துச் சில ஆண்டுகள் கழித்து ஓர் ஆனி மாதத்தில், விழுந்தார். அப்போது அவருக்கு முப்பத்தோரு வயது. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை, அசைவு இல்லை. பெரிய ஆஸ்பத்திரியில் முதுகெலும்புக்குத் தகடு வைத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வியாழக்கிழமைதோறும் நான் அந்தப் பக்கத்து வீடுகளுக்குப் போய்ப் பயிற்சி கொடுப்பது வழக்கம். முதல் நாளே அவருடைய அண்ணன் முருகையன் என்னை வாசலில் நிறுத்தி, உள்ளே கேட்காத குரலில், "சார், அவன் கேட்டா நல்ல வார்த்தையா சொல்லிட்டு வாங்க. மனசு உட்டுட்டான்னா சோறு எறங்காது" என்றார். செல்வராசுவின் மனைவி மல்லிகா பின்னால் நின்று தலையாட்டினார். எனக்கு அதில் வியப்பு ஏதும் இல்லை. எல்லா வீட்டு வாசலிலும் அதைத்தான் சொல்வார்கள். எங்கள் தொழிலில் பாதி அதுதான்.

செல்வராசு கேட்டார். "ஆடிப்பெருக்குக்குள்ள எந்திரிச்சு ஒக்காந்துரலாம்" என்றேன். உட்கார்ந்தார். அது நடந்ததால் அடுத்து நான் சொன்னதையும் நம்பினார். தீபாவளிக்குள் நின்றுவிடலாம் என்றேன். தீபாவளி போனது. பொங்கலுக்குள் நடந்துவிடலாம் என்றேன். கார்த்திகைக்குள்ளேயே எனக்கு நிச்சயமாகத் தெரியும், அந்தக் கால்கள் இனி நடக்கப்போவதில்லை. இதற்கிடையில் ஏதோ ஒரு முகாமில் அவருக்குச் சக்கர நாற்காலி கொடுத்தார்கள். அதை அவர் தொடவே இல்லை. "நடக்கப் போறவனுக்கு எதுக்கு சார் இது? வேற யாராச்சும் இல்லாதவனுக்குக் குடுக்கச் சொல்லுங்க" என்றார். அந்த இடத்தில் நான் பேசியிருக்கவேண்டும். மரம் ஏறிய தோளும் கையும் அவருக்கு. கட்டிலிலிருந்து நாற்காலிக்குத் தாவ ஒரே மாதத்தில் பழகியிருப்பார். நான் மல்லிகாவைப் பார்த்து, "இருக்கட்டும், ஓரமா வைங்க" என்றேன். அதன் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கப்படாமல் பீரோவுக்குப் பின்னால் போனது. பங்குனியில் நான் அமெரிக்கா புறப்பட்டேன். கடைசி வியாழக்கிழமை விடைபெறப் போனபோதும் எனக்கு வாய் அடங்கவில்லை. "நான் லீவுல வர்றப்ப நீங்கதான் பஸ் ஸ்டாண்டுக்கு வந்து என்னயக் கூட்டிட்டு வரணும்" என்று சொல்லிவிட்டு வந்தேன். எல்லோரும் சிரித்தார்கள். அவரும்தான்.

இங்கே மார்ஜரி என்றொரு மூதாட்டி இருந்தார். பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். இடுப்பு எலும்பு முறிந்து வந்திருந்தார். இதயமும் பலவீனம். அவருடைய வீட்டில் படுக்கையறை மாடியில். ஆகஸ்ட் தொடக்கத்தில் ஒரு காலை நான் பலகையில் தேதி எழுதிக்கொண்டிருந்தபோது கேட்டார்: "மறைக்காமல் சொல். என் வீட்டு மாடிப்படியை நான் மறுபடி ஏறுவேனா?" நான் திரும்பிப் பார்த்து, கொஞ்சமும் யோசிக்காமல், "கவலைப்படாதீர்கள், லேபர் டேக்குள் ஏறிவிடுவீர்கள்" என்றேன். லேபர் டே செப்டம்பர் முதல் திங்கள்கிழமை வரும் விடுமுறை. ஊரில் இருந்திருந்தால் வேளாங்கண்ணிக் கொடியேற்றத்துக்குள் என்று சொல்லியிருப்பேன். வாக்கியம் அதேதான், திருநாளைத்தான் மாற்றிக்கொண்டேன். மார்ஜரியின் முகம் மலர்ந்தது. "அப்படியானால் அதை எழுது" என்று பலகையைக் காட்டினார். கையில் பேனா இருந்தது. எழுதினேன்.

பத்து நாள் கழித்து எங்கள் மேற்பார்வை தெரபிஸ்ட் லிண்டா என்னைத் தனியே கூப்பிட்டார். மார்ஜரியின் மகன், தாயின் கட்டிலைக் கீழே இறக்கி முன்னறையைப் படுக்கையறையாக மாற்ற ஆள் ஏற்பாடு செய்திருந்தாராம். மார்ஜரி போன் செய்து, வேண்டாம், நான் லேபர் டேக்குள் படி ஏறிவிடுவேன் என்று எல்லாவற்றையும் நிறுத்திவிட்டார்.

"யார் எழுதியது?" என்று லிண்டா கேட்டார்.

"நான்தான்."

"எந்தப் பரிசோதனையை வைத்து?"

"எந்தப் பரிசோதனையும் இல்லை. எங்கள் ஊரில் இது தேதி இல்லை, லிண்டா. ஓர் ஆறுதல். கேட்கிறவர்களுக்கும் அது புரியும்."

அவர் கோபப்படவில்லை. விளங்கிக்கொள்ள உண்மையாகவே முயன்றார். பிறகு, "ஆனால் நீ எழுதியிருப்பது தேதிதானே?" என்று கேட்டார். மேலே புகார் போகும், அத்தோடு வேலையும் போகும் என்று நினைத்துக்கொண்டு நின்றேன். அதற்குப் பதிலாக அவர் என்னையும் அழைத்துக்கொண்டு மார்ஜரியின் அறைக்குப் போனார். நாற்காலியை இழுத்துக் கட்டிலுக்கு நேராக உட்கார்ந்து, இதயம் இருக்கும் நிலையில் மாடிப்படி இனி முடியும் என்று தனக்குத் தோன்றவில்லை என்று சொன்னார். மார்ஜரி திரும்பிச் சன்னலைப் பார்த்தார். பிறகு கட்டிலை முன்னறையில் எந்தப் பக்கமாகப் போட்டால் தோட்டம் தெரியும் என்று லிண்டாவிடம் பேச ஆரம்பித்தார். நாங்கள் கிளம்பும்போது என்னைப் பார்த்து, "எனக்கு மிச்சம் இருக்கும் நாட்கள் அதிகமில்லை. அதில் பத்தை நீ எடுத்துக்கொண்டாய்" என்றார். சொல்லும்போது அவர் குரலில் காரம் இல்லை. மாணவனின் தாளில் பிழையைச் சுழிப்பதுபோல் சொன்னார்.

அன்று பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்து கைப்பேசியில் படமெடுத்து வைத்திருக்கும் பழைய நாட்குறிப்புப் பக்கங்களைத் தேடினேன். எல்லா வியாழக்கிழமைகளும் இருந்தன. 'செல்வராசு: தோள் நன்று. கால் மாற்றமில்லை.' அடுத்த வாரமும் அதே. அதற்கடுத்த வாரமும். நோயாளியிடம் சொன்னதை எழுதும் வழக்கம் எனக்கில்லாததால், அவரிடம் நான் சொன்ன எந்தத் தேதியும் அந்தப் பக்கங்களில் இல்லை. உண்மையை மட்டும் எனக்காக எழுதி வைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

வீட்டுக்கு வந்ததும் மல்லிகாவுக்கு போன் செய்தேன். அங்கே விடிந்து வாசல் தெளிக்கும் நேரம். "இருக்காரு சார். முதுகுல புண்ணு வந்து வந்து ஆறுது. நீங்க வர்றீங்களான்னு கேட்டுக்கிட்டே இருப்பாரு" என்றார். நாற்காலியைப் பற்றிக் கேட்டேன். "அதுல துணி காயப் போடுறோம் சார்" என்றார்.

அதற்குப் பிறகு நான் படித்த விதம் மாறியது. முன்பெல்லாம் அந்த மாதிரிக் கேள்வி வந்தால், வெள்ளைக்காரன் எந்த விடையை விரும்புவான் என்று ஊகிக்கப் பார்ப்பேன். இப்போது கேள்வியில் வரும் பெயரில்லாத நோயாளிக்குச் செல்வராசுவின் முகத்தை வைத்துப் படித்தேன். தவறுகள் குறைந்தன என்று ஜெசிந்தா சொன்னாள். இப்படித் தேறுவது நியாயமா என்று எனக்குச் சில நாட்கள் தோன்றியது. அவர் முதுகுப் புண்ணில் நான் பாடம் படித்துக்கொண்டிருந்தேன்.

தேர்வு மையத்தில் சட்டைப் பையைத் திருப்பிக் காட்டச் சொன்னார்கள், கண்ணாடியைக் கழற்றிச் சோதித்தார்கள். ஐந்து மணி நேரம், இருநூறுக்கும் மேற்பட்ட கேள்விகள். வெளியே வந்தபோது நல்ல வெயில், ஆனாலும் குளிர்ந்தது. ஊரில் அப்போது சம்பா நடவு நடந்துகொண்டிருந்திருக்கும். அடுத்த வாரம் முடிவு வந்தது. தேறியிருந்தேன். ஜெசிந்தா திரையை இரண்டு தடவை படித்துவிட்டுச் சமையலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். மகள் என்னிடம் வந்து, "அப்ப நீங்க போகலையாப்பா?" என்று கேட்டாள். அவளுக்குத் தெரியாது என்று நாங்கள் இருவரும் நினைத்துக்கொண்டிருந்தோம்.

போனேன், மூன்று வார விடுமுறைக்கு மட்டும். மாட்டுப் பொங்கலன்று காலை தஞ்சாவூரிலிருந்து பஸ் ஏறி பட்டுக்கோட்டையில் இறங்கினேன். முருகையன் மோட்டார் சைக்கிளோடு காத்திருந்தார். வழியெல்லாம் அமெரிக்காவில் மாடு உண்டா, பொங்கல் உண்டா என்று கேட்டுக்கொண்டு வந்தவர், வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியதும் குரலைத் தணித்தார். "சார், வழக்கம்போல நல்ல வார்த்தையா சொல்லிட்டு வாங்க. நீங்க வர்றீங்கன்னு நேத்துலேருந்து தூங்கல அவன்."

காற்று வரட்டும் என்று கட்டிலை நிலைப்படிக்குப் பக்கத்திலேயே போட்டிருந்தார்கள். செல்வராசு சவரம் செய்து, புது வேட்டியைக் கால்மேல் விரித்துப் படுத்திருந்தார். இளைத்திருந்தார், தோள் மட்டும் இளைக்கவில்லை.

"பஸ் ஸ்டாண்டுக்கு வர முடியல சார், கோச்சுக்காதீங்க. அடுத்த தடவ கண்டிப்பா வந்துருவேன். எப்ப சார், அடுத்த பொங்கலா?"

ஆங்கிலத்தில் அந்த விடையை நூறு தடவை படித்திருக்கிறேன். லிண்டா சொல்லி நேரில் கேட்டிருக்கிறேன். தமிழில் அதை நான் ஒருமுறையும் சொன்னதில்லை, பிறர் சொல்லிக் கேட்டதும் இல்லை. கட்டில் விளிம்பில் உட்கார்ந்தேன். சொற்களை ஒவ்வொன்றாகத் தேடி எடுக்கவேண்டியிருந்தது.

"செல்வராசு, ஒங்க காலு இனிமே நடக்காது. இது இப்ப தெரிஞ்சது இல்ல. நீங்க விழுந்த வருசம் கார்த்திகையிலயே எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் பொங்கல்னு சொன்னேன்."

"என்ன சார் இது, நல்ல நாளும் அதுவுமா!" என்று மல்லிகா கத்திவிட்டார்.

செல்வராசு அவரைப் பார்க்கவில்லை. "செவுத்தப் புடிச்சுக்கிட்டு நிக்கிறது?" என்றார்.

"அதுவும் இல்ல. நாற்காலிக்கு ஏறி எறங்குறது, தனியா வெளிய போறது, வண்டி ஓட்டுறது, அதெல்லாம் முடியும். அன்னைக்கே பழகியிருக்கணும். நான்தான் ஓரமா வைக்கச் சொன்னேன்."

அவர் இப்போது மல்லிகாவைப் பார்த்தார். பிறகு வாசலில் நின்ற அண்ணனைப் பார்த்தார். "எல்லாருக்கும் தெரியும், அப்படித்தானே?" மல்லிகா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போனார். முருகையன் என்னை அதுவரை அப்படிப் பார்த்ததில்லை.

"கெளம்புங்க சார், பஸ்ஸுக்கு நேரமாச்சு. அமெரிக்காவுல படிச்ச படிப்ப எங்க வூட்லதான் வந்து காட்டணுமா?" என்றவர் மிதித்து வண்டியைக் கிளப்பினார்.

நான் எழுந்தேன். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நிலைப்படிக்கு வெளியே ஒரு காலை மட்டும் நீட்டிச் செருப்பில் நுழைத்தேன். அப்போது மணிக்கட்டில் பிடி விழுந்தது. மூன்றரை வருடக் கட்டிலில் அந்த உள்ளங்கையின் காய்ப்பு கரைந்து தோல் மெத்தென்று ஆகியிருந்தது. ஆனால் அது மரம் ஏறிய பிடி, வலித்தது.

"போவாதீங்க. சொல்லிட்டு ஓடுனா எப்படி?"

அவர் என்னைப் பார்க்காமல் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணோரம் நனைந்திருந்தது, பிடி தளரவில்லை. வாசலில் முருகையன் வண்டியை முறுக்கிக்கொண்டே இருந்தார். எந்தப் பக்கமும் நகராமல், செருப்பு மாட்டிய கால் வெளியே வெயில் விழுந்த மணலிலும், வெறுங்கால் உள்ளே சில்லென்ற சிமெண்டுத் தரையிலுமாக நான் நின்றுகொண்டிருந்தேன்.